கல்வட்டமும் பறக்கும் ரயிலும்

கல்லைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் மேற்கு மாம்பலத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தோட்டில் பதிக்கிற கல் இல்லை. ரங்கநாதன் தெருவுக்கு அந்தண்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த ஆசை இல்லாமல் இருக்குமா, அது தனிக் கதை. நான் சொல்வது வெறும் கூழாங்கல். செங்கல்பட்டுப் பக்கம் ஏதோ ஒரு பஸ் நிறுத்தத்தில் பொறுக்கி, பள்ளிக்கூடப் பையில் போட்டுக் கொண்டுவந்த கல். அதைப் பார்த்து எனக்கு எரிந்த எரிச்சலில் ஒரு குண்டான் சுண்டலை வேகவைத்திருக்கலாம்.

எனக்கு அப்போது பத்து வயது. மாம்பலம் ஸ்டேஷன் பாலத்தை ஏறி இறங்கினால் தி.நகர்ப் பக்கத்தில் ஒரு சந்து. அந்தச் சந்தில் அப்பாவுக்கு மேட்சிங் கடை. புடவையைக் கொண்டுபோய் நீட்டினால் அதே நிறத்தில் ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுப்பார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்து, பெரிய கடைகளின் இடுக்கில் அப்பா பிடித்த இடம் அது. அம்மா வீட்டிலிருந்தபடியே புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பாள். நவராத்திரிக்குக் கொலுவும் வைப்பாள். கடையில் யார் புடவைக்கும் பொருந்தாமல் தேங்கிப்போன துணியெல்லாம் கொலுவுக்கு வருகிறவர்களின் தாம்பூலப் பையில் போய்ச் சேரும். எங்கள் தெருவில் எந்த வீட்டு பீரோவைத் திறந்தாலும், எதற்கும் சேராத ஒரு கத்திரிக்காய் நிறத் துணி இருக்கும். எல்லாம் எங்கள் வீட்டு உபயம்.

படியில் பொம்மை அடுக்குவது பெரியவர்கள் பாடு. படிக்குக் கீழே, தரையில் மணலைக் கொட்டிப் பார்க் போடுவது என் பாடு. அதில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது. முதலில் மிருகக்காட்சிசாலை போட்டேன், பிறகு மெரினா. அதற்கடுத்த வருஷம் மாம்பலம் ஸ்டேஷன். தீப்பெட்டிகளைக் கோத்து ரயில், விளக்குமாற்றுக் குச்சியில் நடைபாலம், பட்டாணிக்கு மை வைத்துக் கண்ணும் மூக்கும் எழுதிக் கூட்டம். கொலு பார்க்க வந்தவர்கள் மேலே இருந்த அம்பாளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என் ஸ்டேஷன் முன்னால் குந்திவிடுவார்கள். தெருவில் என்னைப் பார்த்தால், பார்க் போடும் பெண் வருகிறாள் பார் என்பார்கள். அதற்காக நான் காய்கறிக்காரர் வண்டி வரைக்கும் தேவையில்லாமல் போய்வருவேன்.

அந்தக் கூட்டத்துக்குப் பட்டாணி வைத்ததில் எனக்கு ஒரு குறை உண்டு. அம்மாவிடம் ஒரு சுருக்குப்பை நிறையச் சோழி இருந்தது. சின்ன வயதில் அம்மாவும் பெரியம்மாவும் திருச்செந்தூர்க் கடையில் வாங்கி, ஆடித் தீர்த்த சோழி. பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா. கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். அவளுக்குக் கல்யாணமாகிப் போனபோது சோழியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்களாம். அம்மாவின் பங்கில் ஒரு சோழி விரிசல் விட்டு, அதை அரக்கு வைத்து அடைத்திருக்கும். என் ஸ்டேஷன் கூட்டத்துக்கு அந்தச் சோழிகளைக் கேட்டேன். அதைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்றாள் அம்மா. வேறு எதைக் கேட்டாலும் முதலில் கத்திவிட்டுப் பிறகு கொடுத்துவிடுகிறவள், இதை மட்டும் கொடுக்கவே இல்லை.

போகட்டும். ஸ்டேஷனுக்கு அடுத்த வருஷம் பறக்கும் ரயில் போடுவதாக முடிவு செய்திருந்தேன். கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாய்களை ஆடித் தள்ளுபடி சமயத்திலிருந்தே அப்பாவிடம் நச்சரித்து வாங்கிச் சேர்த்தேன். அவை தூண்கள். மேலே தண்டவாளம், அதன் மேல் ரயில், கடைசியில் வேளச்சேரி. வேளச்சேரி என்றால் தண்ணீர் வேண்டுமே! அதற்கு ஒரு தட்டு நிறையத் தண்ணீர், அதில் காகிதப் படகு. வேளச்சேரியில் குடியிருந்த அத்தை இதைக் கேட்டு, இந்த வருஷமாவது வெள்ளம் உன் தட்டோடு நிற்கட்டும் என்று சொல்லிச் சிரித்தாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. எங்கள் வீட்டில் எது நடக்கலாம், எது நடக்கக் கூடாது என்பதை வேளச்சேரியிலிருந்தே முடிவு செய்கிறவள்.

அந்த ஆடி மாதம்தான் பெரியம்மா இறந்துபோனாள். செங்கல்பட்டைத் தாண்டி ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸாக இருந்தாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அம்மா போனாள், சில நாளில் திரும்பி வந்தாள், தலைக்கு ஊற்றிக்கொண்டு தையல் மெஷினில் உட்கார்ந்தாள். தள்ளுபடி சீசன், கட்டுக் கட்டாகப் புடவை வந்து கிடந்தது. அம்மா அழுது நான் பார்க்கவில்லை. அழுதிருந்தாலும் மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது.

திரும்பி வந்த அம்மா தனியாக வரவில்லை. பெரியம்மாவின் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பெரியப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, பெண்ணைத் தனியாக வைத்துச் சமாளிக்க முடியாது. எட்டாம் வகுப்புப் படிக்கிற அக்கா, எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். முதல் வாரம் எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். என் பென்சில் டப்பாவைக்கூடக் கொடுத்தேன். இரண்டாவது வாரம் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

பின்னே என்ன? அம்மா முதலில் அவளுக்குத்தான் தலை பின்னுவாள். தோசையின் முறுகலான ஓரம், அதுவரை எனக்கென்றே இருந்தது, அவள் தட்டுக்குப் போயிற்று. இரவில் அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் படுப்பாள். கை மட்டும் அந்தப் பக்கம் போகும். என்னைக் கூப்பிட்டால் 'ஏட்டி'. அவளைக் கூப்பிட்டால் 'என்னம்மா, வாம்மா'. நான் தம்ளரை உடைத்துவிட்டுப் பூனை உடைத்தது என்று சொன்னதற்குத் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிக் கிடந்தது. அவள் ஒரு பீங்கான் தட்டையே போட்டு உடைத்தபோது, கால்ல குத்திடப் போகுதும்மா என்று அம்மா ஓடினாள். இத்தனைக்கும் அவள் எதையும் கேட்கவே மாட்டாள். அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டு வாங்குகிறவளோடு மல்லுக்கு நிற்கலாம், வாயையே திறக்காதவளை என்ன செய்வது!

நவராத்திரி நெருங்கியது. இந்த வருஷம் கொலு வேண்டாமே என்று அம்மா இழுத்தாள். விஷயம் கேள்விப்பட்டு வேளச்சேரியிலிருந்து அத்தை வந்துவிட்டாள்.

"ஏ பிள்ள, வருசா வருசம் வைக்கிற கொலுவ நிறுத்தப் பிடாது. கட்டிக்குடுத்துப் போன தங்கச்சிக்கு என்ன வருசத் தீட்டு? உனக்கு அது அன்னைக்கே கழிஞ்சு போச்சு. இது எங்க வீட்டுக் கொலுல்லா?"

அத்தை அடுத்ததாக அக்கா பக்கம் திரும்பினாள். அந்தப் பிள்ளைக்குத்தான் வருஷம் திரும்பவில்லை. அவள் படியைத் தொடக்கூடாது, பொம்மை எடுத்துக் கொடுக்கக்கூடாது, தாம்பூலத் தட்டில் கைவைக்கக்கூடாது என்று வரிசையாகச் சொன்னாள். எனக்கு ஒரே குஷி. கடைசியில் அவளைத் தடுக்கவும் இந்த வீட்டில் ஓர் ஆள் இருக்கிறதே என்று அத்தையின் மடியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அப்போது அம்மா, கையிலிருந்த ஊசியைப் புடவையில் குத்தி வைத்துவிட்டு, "அப்ப கீழ பார்க்கை அவ போடட்டும் மதினி. தரைக்குத் தீட்டு இல்லல்லா?" என்றாள்.

நான் மடியிலிருந்து குதித்து இறங்கினேன், கத்தினேன், காலை உதைத்தேன். என் பார்க், என் மணல், என் தூண்கள்! நீ அந்தப் பக்கம் ஓரமாக வைத்துக்கொள், ரெண்டு பார்க் இருந்தால் என்ன என்றாள் அம்மா. அந்தப் பக்கம் என்றால் எது? வாசற்கதவுக்கு உள்பக்கம், செருப்பு ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடம். சென்னையின் பறக்கும் ரயில் அந்த வருஷம் செருப்புகளின் மேல் பறந்தது.

கொலு வைத்த அன்று நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அக்காவும் அம்மாவும் தரையில் மணலுக்கு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் முழங்கை வரை மணல். ஏதோ பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். மணலில் கூழாங்கற்களை வட்டமாக நட்டிருந்தாள் அக்கா. வட்டத்துக்கு நடுவே சின்னச் சின்ன ஜல்லியைக் குவித்து ஒரு மேடு. சுற்றிலும் கேழ்வரகு விதைத்திருந்தது. அவ்வளவுதான். ஒரு ஆள் இல்லை, மாடு இல்லை, பொம்மைக் கார்கூட இல்லை. எனக்கு நிம்மதியாயிற்று. இதை எவர் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன்.

எல்லாரும் பார்த்தார்கள். அதுதான் கொடுமை. என் ரயிலைப் பார்த்தால், அட ரயில் என்று சொல்லிவிட்டு அதன் தூணருகிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அந்தக் கல்லின் முன்னால் போய் நின்று, இது என்ன, இது என்ன என்று மண்டையைக் குடைந்துகொள்வார்கள். கல்வட்டம் என்பாள் அக்கா. அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கிணறா என்று கேட்டார் கடையிலிருந்து வந்த அப்பா. எதிர்வீட்டுப் பொறியியல் கல்லூரி அண்ணன் ஹெலிகாப்டர் இறங்கும் இடம் என்று பந்தயம் கட்டினான். கீழ்வீட்டு அக்கா, அடையாற்றங்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், வெளிப்படையான ஆள். ஆட்டுப்பட்டியா என்று கேட்டுவிட்டு, ஆடு எங்கே என்று கல்லைத் தூக்கிப் பார்க்கப் போனாள். அக்கா மெதுவாக அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். கேழ்வரகு முளைத்துப் பச்சையாக எழும்பியதும் இன்னும் மோசம். ஆகா, என்ன அழகு என்று ஆரம்பித்துவிட்டார்கள். என் தூண்களில் என்ன முளைக்கும், அட்டைதானே!

எனக்குத் தாங்கவில்லை. அதன் ரகசியத்தைத் தெரிந்துகொண்டுவிடுவது என்று அக்காவிடமே போய்க் கேட்டேன். கேட்ட தொனி போலீஸ் விசாரணை மாதிரி இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை. பெரியம்மாவின் சுகாதார நிலையத்துப் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே முள்காட்டில் இந்த மாதிரி வட்டங்கள் நிறைய இருக்கின்றன, நிஜத்தில் கற்கள் ஆள் உட்காரும் உயரம் என்றாள். பெரியம்மா வேலை முடித்து வரும்போது இவள் போய் அங்கே காத்திருப்பாளாம். பஸ் வரும் வரைக்கும் இருவரும் கல்மேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பார்களாம். அதையெல்லாம் யார் நட்டார்கள் என்று கேட்டேன். பஞ்சபாண்டவர் வனவாசத்தில் நட்டது என்பார்களாம் சிலர். ஆடு மேய்க்கிறவர்கள் குள்ளர்கள் குடியிருந்த வீடு என்பார்களாம். பஸ் கண்டக்டர், பழைய காலத்துப் பஞ்சாயத்து மேடை என்று அடித்துச் சொல்வாராம். அரசாங்கம் ஒரு நீல போர்டு வைத்திருக்கிறது என்றும் சொன்னாள். அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்கவில்லை. வேர்க்கடலையிலேயே என் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. என்னை எந்த பஸ் நிறுத்தத்தில் யார் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார்கள்?

பள்ளிக்கூடத்துக்குக் காலாண்டு விடுமுறை விட்ட பிறகு மத்தியான வேளைகளில் இன்னொன்றும் கவனித்தேன். அம்மா தையல் வேலையை எடுத்துக்கொண்டு வந்து அந்தக் கல்வட்டத்தின் முன்னால் உட்காருவாள். புடவை மடியில் கிடக்கும், ஊசி ஓடாது. கேழ்வரகுக்குத் தண்ணீர் தெளிப்பதும் அவள்தான். என் வேளச்சேரித் தட்டு வற்றிப்போய்ப் படகு தரைதட்டிக் கிடந்ததை அவள் பார்க்கவே இல்லை. நான் வேண்டுமென்றே படகை எடுத்து அம்மா கண்ணுக்கு நேரே ஆட்டினேன். தண்ணி ஊத்திக்கோட்டி, குழாய்ல வருதே என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை தன் அடுக்குமாடியிலிருந்து ஒரு பெண்கள் பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு வந்தாள். பட்டும் மல்லிகையுமாக ஹால் நிறைந்துவிட்டது. கீழ்வீட்டு அக்காவும் இருந்தாள். அம்மா அடுக்களையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். அக்கா வழக்கம்போலப் படியைத் தொடாமல் சுவரோரம் நின்றாள். வந்தவர்களில் ஒருத்தி கல்வட்டத்தைப் பார்த்து, ரொம்பப் புதுமையாக இருக்கிறதே, யார் போட்டது என்று கேட்டாள்.

அத்தை அந்த வருஷத்துப் பார்க்கைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை, அம்மா அதை அக்காவுக்குக் கொடுத்ததையும் மறந்துவிட்டாள். பார்க் என்றால் நான்தானே! "எம் மருமவ கைவேலையப் பாத்தியளா?" என்று என்னை முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

பட்டுப்புடவைகள் மொத்தமும் என்னைப் பார்த்தன. ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள். எத்தனை நாள் கழித்து! நான் மறுக்கவில்லை. மறுப்பதாவது! அது என்னது கண்ணு என்று கேட்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இது பழைய காலத்து கிரிக்கெட் ஸ்டேடியம் ஆன்ட்டி. இந்தக் கல்லெல்லாம் ஆளுங்க உக்கார்ற எடம். நடுவுல இருக்கிறது பிட்ச்."

எல்லாரும் சிரித்தார்கள். பாராட்டுகிற சிரிப்புதான். அப்போது சுவரோரத்திலிருந்து அக்கா பேசினாள். அவள் அவ்வளவு பேர் முன்னால் பேசி நான் கேட்டதில்லை.

"இல்ல. செத்துப்போனவங்களை உள்ள வச்சு, சுத்திக் கல் நட்ட எடம் இது. அங்க போர்டுல அப்படித்தான் எழுதியிருக்கு."

வட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி பட்டென்று காலை இழுத்துக்கொண்டாள். இன்னொருத்தி கையிலிருந்த குங்குமச் சிமிழை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தாள். கீழ்வீட்டு அக்காதான், "இன்னாக்கா, அம்பாள் காலாண்ட போய் சுடுகாட்ட வச்சிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுச் சுண்டல் வருகிறதா என்று அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

அத்தையின் முகம் சிவந்துவிட்டது. என் தோளில் இருந்த கை இறுகியது. "ஏட்டி, நீயா வச்ச?"

"ஐயோ, நான் இல்ல அத்தை! என்னோடது அதோ, செருப்பு ஸ்டாண்டுகிட்ட!"

எல்லாருடைய கண்ணும் அக்காவின் மேல் திரும்பியது. எனக்கு உள்ளுக்குள் பொங்கியது. மாட்டினாளா! இனி அம்மாவே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது, அத்தை ஒரு பிடி பிடிக்கப் போகிறாள், நாளைக்கு மணல் என் கைக்கு வந்துவிடும், ரயில் நடு ஹாலில் ஓடும் என்று கணக்குப் போட்டுவிட்டேன். அம்மா சுண்டல் குண்டானைத் துணியால் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"நான்தான் வச்சேன் மதினி" என்றாள்.

அத்தை நம்பவில்லை என்பது அவள் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. நல்ல நாளும் அதுவுமாக இது என்ன காரியம், உடனே இதை எடுத்து வெளியே கொட்டு என்றாள். அம்மா குண்டானைக் கீழே வைத்தாள்.

"வச்ச கொலுவ நடுவுல கலைக்கப் பிடாதுன்னு நீங்கதான சொல்லுவிய? விஜயதசமி கழியட்டும், எடுத்துருதேன்."

அது அத்தையே வருஷா வருஷம் எங்களுக்குப் போட்ட சட்டம். ஒரு தடவை படியில் சாய்ந்து கிடந்த செட்டியார் பொம்மையை நிமிர்த்தியதற்கே என் கையில் அடித்தவள். அம்மா ஒவ்வொருவருக்கும் குங்குமம் கொடுத்தாள், வெற்றிலை பாக்கு கொடுத்தாள், கத்திரிக்காய் நிறத் துணி கொடுத்தாள். வாங்கிக்கொண்டு பட்டாளம் சீக்கிரமே கிளம்பிவிட்டது. போகிற அவசரத்தில் யாரோ என் பறக்கும் ரயிலின் இரண்டு தூண்களைத் தட்டிவிட்டுப் போனார்கள். கீழ்வீட்டு அக்கா மட்டும் இரண்டாவது தடவை சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கரெக்டா கீதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தேன். பூனைப் பொய்க்குத் தொடையில் கிள்ளினவள், அவளுக்காக ஊர்க்கூட்டத்தின் முன்னால் தானே பொய் சொல்கிறாள்! எனக்காக ஒரு சின்னப் பொய், ஒரே ஒரு பொய், எப்போதாவது சொல்லியிருக்கிறாளா? அன்றைக்கு எனக்கு வந்த அழுகை ஆத்திர அழுகை. அம்மா வந்து எழுப்பினாள். நான் எழுந்திருக்கவில்லை.

விஜயதசமி முடிந்த மறுநாள் காலை, மற்றவர்கள் பொம்மைகளைத் துணி சுற்றிப் பெட்டியில் அடுக்க ஆரம்பிப்பதற்கு முன்பே நான் மணலுக்கு வந்துவிட்டேன். கொலு முடிந்துவிட்டது, இனி எந்தச் சட்டமும் இல்லை. கற்களைப் பிடுங்கினேன். நடுவிலிருந்த ஜல்லி மேட்டைக் கையால் வாரினேன். அடியில் ஏதோ தட்டுப்பட்டது. கொலுவில் வைக்கிற மண் சொப்பு, தம்ளர் உயரப் பானை. வாயை ஒரு அகல் விளக்கால் மூடியிருந்தது. திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தேன்.

சோழி. என் கை கொள்ளாமல் தரையில் சிதறின. அரக்கு வைத்து அடைத்த சோழி முதலில் கண்ணில் பட்டது. அம்மாவின் சோழிதான், ஆனால் அம்மாவின் பையில் இருந்ததைவிட அதிகமாக இருந்தன. மீதி எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. வேறு ஒன்றுதான் மண்டையில் ஏறியது. எனக்குக் கொடுக்காத சோழியை அம்மா அவளுக்குக் கொடுத்துவிட்டாள்! நான் கேட்டதற்குக் கையை ஒடிப்பேன் என்றவள், அவள் கேட்காமலே அள்ளிக் கொடுத்து, மணலுக்குள் ஒளித்து வைக்கவும் துணை போயிருக்கிறாள்!

நான் கத்திய கத்தலில் அப்பா ஷேவிங் நுரையோடு ஓடி வந்தார். அம்மா வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று தொடையை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. சிதறிய சோழிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மணலை ஊதித் துடைத்து, சொப்புக்குள் போட்டாள். என் கைக்குள் இருந்ததைக் கேட்டுக் கையை நீட்டினாள். நான் விடவில்லை. பிறகு அவள் முகத்தைப் பார்த்து, ஏனென்று தெரியாமல், விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அக்காவும் பெரியப்பாவைப் பார்த்துவிட்டு வருவதாகக் கிளம்பினார்கள். கூழாங்கற்களை ஒரு கட்டைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டார்கள். சொப்பை அம்மா தனியாக, ரவிக்கைத் துணி ஒன்றில் சுற்றிக் கைப்பையில் வைத்ததைப் பார்த்தேன். அந்தத் துணி விலைபோகாத துணி இல்லை. கடையில் நன்றாகப் போகிற மயில்கழுத்து நிறம். என்னையும் கூட்டிப் போகச் சொல்லி அடம் பிடித்தேன். அடுத்த தடவை என்று சொல்லிவிட்டு மின்சார ரயில் பிடிக்கப் போய்விட்டார்கள். எனக்குக் காவலாக அத்தை வந்து உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

ஹால் காலியாகக் கிடந்தது. கொலு வைத்த இடம் முழுக்க என்னுடையது. தூண்களை நிறுத்தி, தண்டவாளம் போட்டு, தட்டில் தண்ணீர் ஊற்றி, பறக்கும் ரயிலை நடுஹாலில் ஓட்டினேன். அட ரயில் என்று சொல்லக்கூட ஒருவரும் இல்லை. சாயங்காலம் அவர்கள் வெறும் பையோடு திரும்பி வந்தார்கள். எனக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலை. நான் அதைத் தொடவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மறுநாள் பீரோவில் அந்தச் சுருக்குப்பையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். காலியாக, நான்காக மடித்து வைத்திருந்தது.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரைக்கும் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். சண்டை போட்டோம், ராசியானோம், ஒரே சுரிதாரை மாற்றி மாற்றிப் போட்டோம். இன்றைக்கு எனக்கு அவளைவிட நெருங்கியவர் யாரும் இல்லை. ஆனாலும் சோழி விஷயம் மட்டும் உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நானும் வளர்ந்து, அந்தக் கல்வட்டங்களைப் பற்றி அங்கங்கே படித்துத் தெரிந்துகொண்டேன். தோண்டிப் பார்த்தால் உள்ளே மண்பானை இருக்கும், இரும்புக் கத்தி இருக்கும், பாசிமணி இருக்கும், கால் வைத்த பெரிய சுடுமண் தொட்டிகூட இருக்கும். சிலவற்றில் எலும்பே இருக்காதாம். ஆள் வேறெங்கோ போய்ச் சேர்ந்திருக்க, பொருளை மட்டும் வைத்து மூடிக் கல் நட்டிருக்கிறார்கள். எதற்காக வட்டமாக நட்டார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு, நான் போட்ட பிட்ச் கதையும் ஒன்றும் மோசமில்லை என்று சிரித்ததோடு சரி.

போன நவராத்திரிக்கு அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்தக் குட்டி மெட்ரோ ரயில் பார்க் போடுகிறது. கூட்டத்துக்கு என்ன வைப்பது என்று கேட்டது. எனக்கு உடனே பழைய கோபம் எட்டிப் பார்த்தது. சோழி வைக்கலாம், அது உன் அம்மாவிடம்தான் இருக்கிறது, கொண்டுவரச் சொல் என்றேன்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எங்கிட்ட ஏதுடி?"

"பின்ன யாருகிட்ட? அம்மா உனக்குத்தானே குடுத்தா!"

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி மூக்கு நுனியில். தலையைத் தூக்காமல், நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்.

"அது எங்க அக்காகிட்ட இருக்குட்டி."

பிரித்துக்கொண்ட இரண்டு பங்குச் சோழியும் கல்வட்டத்துக்குள் ஒன்றாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அத்தனை பேர் முன்னால் சுண்டல் குண்டானோடு நின்று, நான்தான் வைத்தேன் என்று அம்மா சொன்னது பொய்யே இல்லை. அவளும் ஒருத்திக்குத் தங்கை என்பது, அவள் கை எந்தப் பக்கம் போகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பத்து வயதில் தோன்றவே இல்லை.